குவாத்ரோ சியெனெகாஸ் ஊற்றுகளில் செய்யக் கூடாத தவறுகள்

மெக்சிகோவின் கோவாவிலா மாநிலத்தில், சிவாவா பாலைவனத்தின் நடுவே இருக்கிறது குவாத்ரோ சியெனெகாஸ் பள்ளத்தாக்கு. உவர்மண்ணில் புல் படர்ந்த வெளி. அதில் ஆங்காங்கே நீலமும் பச்சையுமாக வெதுவெதுப்பான ஊற்றுக்குளங்கள். 1994இல் இது பாதுகாக்கப்பட்ட பகுதியானது. தண்ணீர் அடிவரை தெரியும். அதைப் பார்த்ததும் இறங்கிவிடத் தோன்றும்; முதல் தவறு அதுதான். நீலக்குளம் எனப்படும் போசா அசூல் பார்ப்பதற்கு மட்டுமே.

குளிக்க அனுமதி உள்ள இடத்திலும் சன்ஸ்கிரீன், சோப்பு, எண்ணெய் வேண்டாம். உயிர்கள் வளரத் தேவையான பாஸ்பரஸ் சத்து இந்த நீரில் மிக மிகக் குறைவு. அந்தப் பஞ்சத்துக்குப் பழகிய நுண்ணுயிர்களின் உலகம் இது; வெளியிலிருந்து கலப்பவை அதைக் குலைத்துவிடலாம்.

கரையோரத்துப் பழுப்பு மேடுகளைப் பாறை என்று எண்ணிக் கால் வைத்துவிடாதீர்கள். நுண்ணுயிர்கள் படலம் படலமாகச் சுண்ணாம்பைச் சேர்த்துக் கட்டிய ஸ்ட்ரோமடோலைட்டுகள் அவை. முந்நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியில் இருந்த கட்டுமானம்! உயிர் இருப்பது மேற்பரப்பின் மெல்லிய படலத்தில். ஒரு மிதி போதும், அது நசுங்கிவிடும்.

வீட்டுத் தொட்டி மீனை இங்கே விடுவது இன்னும் மோசம். ஆப்பிரிக்க வண்ணமீன் ஒன்று ஏற்கெனவே பரவிவிட்டது. இந்த மண்ணுக்கே உரிய சிக்லிட் மீனோ அதிசயமானது: ஒரே இனத்தில் சிலவற்றுக்கு நத்தை ஓட்டை நொறுக்கும் தடித்த தொண்டைப் பற்கள், மற்றவற்றுக்கு மெல்லிய பற்கள்.

இவையெல்லாம் சிறியவை. வேலி போட்டுவிட்டால் ஊற்று பிழைத்துவிடும் என்று நம்புவதுதான் பெரிய தவறு. ஊற்றின் உயிர் நிலத்தடி நீரில் இருக்கிறது. மாட்டுத் தீவனமான குதிரைமசாலுக்காகக் கிணறுகள் உறிஞ்சின. வாய்க்கால்கள் நீரைப் பள்ளத்தாக்குக்கு வெளியே கொண்டுபோயின. சுரின்சே ஊற்றை நம்பியிருந்த ஏரி வேலிக்குள் இருந்தபடியே வற்றிப்போனது. பெட்டி ஆமைகள் பொதுவாகத் தரையில் வாழ்பவை. இங்குள்ள இனம் மட்டும் தண்ணீரை நம்பி வாழ்கிறது. சதுப்பு காய்ந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை.

நீலக்குளத்தைப் படம் எடுத்து முடித்ததும், வாய்க்கால் ஒன்றின் கரையிலும் சற்று நில்லுங்கள். அதில் ஓடிக்கொண்டிருப்பது இந்தக் குளங்களின் தண்ணீர்தான்.