ஒன்றரை மடங்கு வேகத்தில் சிரிப்பு வராது: நடந்தபடி பாட்காஸ்ட் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடைப்பயிற்சிக்குப் பாட்டைவிடப் பேச்சுதான் நல்ல துணை என்பது என் கட்சி. பாட்டு காலுக்குத் தாளம் தரும். பேச்சோ தூரத்தையே மறக்கடித்துவிடும். அதிலும் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் காலை வாரிக்கொண்டு அரட்டையடிக்கும் நகைச்சுவை பாட்காஸ்ட் என்றால், திரும்ப வேண்டிய முனையைத் தாண்டி நடந்துகொண்டிருப்போம். அப்படிப்பட்ட நிகழ்ச்சியைக் கேட்டும் சிரிப்பு வரவில்லை என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் குறை நிகழ்ச்சியில் இல்லை, கேட்கும் விதத்தில் இருக்கிறது.

முதல் குற்றவாளி வேகப் பொத்தான். ஒரு மணி நேர எபிசோடை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். இன்றைய செயலிகள் குரலைக் கீச்சுக்குரலாக்காமல் இதைச் செய்கின்றன. அதனால் எதுவும் கெடவில்லை என்று தோன்றும். ஆனால் கெடுவது குரல் அல்ல, இடைவெளி. ஒருவர் அபத்தமான ஒன்றைச் சொல்கிறார். எதிரில் இருப்பவர் ஒரு கணம் வாயடைத்துப் போகிறார். பிறகு பதில் வருகிறது. சிரிப்பு பிறப்பது அந்த ஒரு கணத்தில்தான். அதைச் சுருக்கினால் சொற்கள் எல்லாம் அப்படியே இருக்கும், நகைச்சுவை மட்டும் காணாமல் போயிருக்கும்.

வானொலிக் காலத்திலேயே இதை நிரூபித்தவர் அமெரிக்க நகைச்சுவையாளர் ஜாக் பென்னி. அவர் ஏற்ற பாத்திரம் மகா கஞ்சன். 1948-இல் ஒலிபரப்பான ஒரு காட்சியில் வழிப்பறிக்காரன் ஒருவன் அவரை மறித்து, பணமா உயிரா என்று கேட்கிறான். பென்னி வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கே அரங்கம் சிரிக்கத் தொடங்கிவிடுகிறது. திருடன் மறுபடி அதட்டியபோதுதான், யோசித்துக்கொண்டிருப்பதாகப் பதில் வருகிறது. பதிலைக் காட்டிலும் பதில் வராத நேரம்தான் அங்கே நகைச்சுவை. இரட்டை வேகத்தில் கேட்பவருக்கு அந்தக் கஞ்சன் பாதி நேரம்தான் யோசிக்கிறான்!

பென்னிக்காவது முன்னால் ரசிகர்கள் இருந்தார்கள். அவருடைய மௌனத்தை அவர்களின் சிரிப்பு நிரப்பியது. பாட்காஸ்ட்காரர்கள் பெரும்பாலும் மூடிய அறையில் பேசுகிறார்கள். அவர்களுடைய மௌனம் உண்மையிலேயே மௌனம். பல செயலிகளில் ‘மௌனங்களை வெட்டு’ என்று ஒரு வசதி இருக்கிறது. ஒலி தாழ்ந்த இடங்களை அது தானாகவே சுருக்கிவிடும். வேகத்தைக் கூட்டாமல் இதை மட்டும் போட்டு வைத்திருப்பவர்கள் பலர். போட்டது நினைவில்கூட இருக்காது. வேகப் பொத்தானைவிட இது மோசம் என்பேன். வேகத்தைக் கூட்டினால் எல்லாமே ஒரே அளவில் சுருங்கும். மௌனவெட்டு அப்படி அல்ல; சிரிப்புக்குத் தேவையான இடத்தை மட்டும் தேடிப்பிடித்து நறுக்குகிறது. பல செயலிகளில் இவற்றை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியாக அமைத்துக்கொள்ளலாம். செய்தி அலசலுக்கும் தகவல் நிகழ்ச்சிக்கும் ஒன்றேகால் வேகம் இருக்கட்டும், தவறில்லை. நகைச்சுவைக்கு இயல்பான வேகம், மௌனவெட்டு இல்லாமல்.

அடுத்தது தேர்வில் வரும் தவறு. யாரோ ஒரு நிகழ்ச்சியைப் புகழ்ந்தவுடன் அதன் முதல் எபிசோடிலிருந்து தொடங்கிவிடுவது. தொடர்கதைக்கு அது சரி, அரட்டைக்குச் சரிவராது. அமெரிக்க நகைச்சுவையாளர் மார்க் மேரன் நடத்திய ‘டபிள்யூ.டி.எஃப்.’ என்ற நேர்காணல் பாட்காஸ்ட் 2009-இல் தொடங்கி 2025-இல்தான் முடிந்தது; எபிசோடுகள் ஆயிரத்து அறுநூறுக்கும் மேல். 2015-இல் அமெரிக்க அதிபராக இருந்தபோதே பராக் ஒபாமா மேரனுடைய வீட்டு கராஜுக்கு வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். அதை முதலில் கேட்டுவிட்டுப் பின்னோக்கிப் போவதா, ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாக ஏறுவதா? ‘தி பியூகிள்’ போன்ற அரசியல் கிண்டல் நிகழ்ச்சியில் சிக்கல் இன்னும் கூடுதல். 2007-இல் ஜான் ஆலிவரும் ஆண்டி சால்ட்ஸ்மனும் தொடங்கிய அதன் பழைய எபிசோடுகளைச் சிரித்துக் கேட்க அந்த வாரத்துச் செய்தித்தாளும் கையில் வேண்டும். புதிதாக வருபவர், தனக்கு ஏற்கெனவே பிடித்த விருந்தினர் வந்த எபிசோடில் நுழைவதே எளிது. ஆனால் ஒரே ஒரு எபிசோடை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. அரட்டை நிகழ்ச்சியில் பாதிச் சிரிப்பு அந்த ஆட்களின் குணம் நமக்குப் பழகிய பிறகுதான் வரும். மூன்று எபிசோடு கேட்டும் பழகவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடலாம்.

நடக்கும்போது நம் கவனம் பாதிதான் காதில் இருக்கும். மீதியைப் பாதையும் வண்டியும் நாயும் எடுத்துக்கொள்ளும். இதை எண்ணிப் பார்க்காமல், வீட்டில் உட்கார்ந்து ரசித்த நிகழ்ச்சியையே வெளியிலும் போட்டுக்கொள்பவர்கள் நடுவழியில் தொலைந்துபோகிறார்கள். ஒரே வயது, ஒரே மாதிரிக் குரலுடைய நான்கைந்து பேர் ஒருவர் பேச்சில் ஒருவர் பாயும் நிகழ்ச்சியைச் சந்தடியில் நடந்தபடி பின்தொடர்வது பெரும்பாடு. 2005 டிசம்பரில் தொடங்கிய, பிரிட்டிஷ் நகைச்சுவையாளர் ரிக்கி ஜெர்வைஸின் மூவர் அரட்டை நிகழ்ச்சி இதற்கு நேர் எதிர். கார்ல் பில்கிங்டன் அலட்டாத குரலில் எதையாவது சொல்லிக்கொண்டே போவார். ஜெர்வைஸ் வீறிட்டுச் சிரிப்பார். ஸ்டீபன் மெர்ச்சன்ட் இடையில் ஊசி குத்துவார். எந்தக் குரல் யாருடையது என்று ஒருபோதும் குழப்பம் வராது. கட்டமைப்புள்ள நிகழ்ச்சிகளும் நடைக்குத் தோதானவை. 2014-இல் தொடங்கிய ‘நோ சச் திங் ஆஸ் எ ஃபிஷ்’ நிகழ்ச்சியில் நான்கு பேர் ஆளுக்கொரு விசித்திரத் தகவலோடு வருகிறார்கள். ‘ஆஃப் மெனு’வில் எட் கேம்பிளும் ஜேம்ஸ் அகாஸ்டரும் விருந்தினரின் கனவு விருந்தை ஒவ்வொரு பதார்த்தமாகக் கேட்டு வாங்குகிறார்கள். சாலையைக் கடக்கும்போது இரண்டு நிமிடம் தவறிப்போனாலும், இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பது உடனே பிடிபட்டுவிடும்.

இன்னொரு சங்கடம், இப்போது பாதிப் பாட்காஸ்ட்கள் கேமரா முன்னால் நடக்கின்றன. “இவர் முகத்தைப் பாருங்கள்” என்று ஒருவர் சொல்ல, அறையே சிரிக்கிறது. கேட்பவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உடனே கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறார். கால் பள்ளத்தில் இறங்குகிறது. படம் பார்த்தால்தான் புரியும் நிகழ்ச்சிகளை வீட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

இனி விளையாட்டல்லாத விஷயம். சத்தம் நீக்கும் இயர்போனை அணிந்துகொண்டு சாலையில் நடப்பது. இந்தக் கருவிகள் வெளிச்சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு எதிரான அலையை உருவாக்கி அதை அமுக்குகின்றன. ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலிகளை அமுக்குவதில்தான் அவை கெட்டிக்காரத்தனம் காட்டும். அதாவது என்ஜின் உறுமலை, டயர் உருளும் ஓசையை. சாலையில் நம் உயிருக்கு எந்த ஒலி தேவையோ அதையே முதலில் அழிக்கிறது. பாட்டு கேட்பவரைவிடப் பேச்சு கேட்பவருக்கு ஆபத்து கூடுதலாக இருக்கலாம் என்பது என் எண்ணம். பாட்டு பின்னணியில் ஓடும், பேச்சோ மனத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். வெளிச்சத்தத்தை உள்ளே விடும் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காதுத் துளையை அடைக்காமல் கன்ன எலும்பு வழியே ஒலியைக் கடத்தும் ஹெட்போன்களும் இருக்கின்றன. சந்திப்பு வந்தால் நிறுத்திவிட்டுக் கடப்பது இன்னும் எளிது. செயலிகளில் 15 அல்லது 30 நொடி பின்னால் போகும் பொத்தான் இருக்கும்போது அவசரம் எதற்கு?

ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வது நல்ல வழக்கம். ஆனால் சில நிகழ்ச்சிகளில் ஒருவரை இடப்பக்கமும் மற்றவரை வலப்பக்கமும் அமர்த்தியதுபோல ஒலிப்பதிவு செய்திருப்பார்கள். அப்போது பாதி உரையாடல் மங்கிவிடும். சிரிப்பு கேட்கும், எதற்கென்று தெரியாது. கைப்பேசி அமைப்புகளில், அணுகல்தன்மைப் பகுதியில் மோனோ ஒலி என்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால் இரு பக்கக் குரல்களும் ஒரே காதில் வந்துவிடும். அதிகம் பேருக்குத் தெரியாத வசதி இது.

சத்தத்தை ஏற்றுவதிலும் ஒரு வரம்பு வேண்டும். போக்குவரத்து இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுவோம். அந்த நேரம் பார்த்து நிகழ்ச்சியில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து வெடித்துச் சிரிப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும். ஆகவே 83-இல் 20 மணி நேரம், 86-இல் 10 மணி நேரம் என்று அனுமதி பாதிபாதியாகக் குறையும். இரைச்சலோடு போட்டி போடுவதைவிட அமைதியான தெருவாகப் பார்த்துத் திரும்புவது காதுக்கு நல்லது, நகைச்சுவைக்கும் நல்லது.

நடையை மறந்துவிடுவதும் நடக்கிறது. பேச்சுக்குத் தாளம் கிடையாது. சுவாரசியம் கூடக் கூடக் கால் தளரும். கடைசியில் அது உலாவலாகிவிடும். உலாவலில் குற்றமில்லை, ஆனால் உடற்பயிற்சிக்கென்று கிளம்பியவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 அடியாவது எடுத்துவைக்க வேண்டும். விளம்பரம் வரும் இடங்களை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். தாவிப் போகாமல், அது முடியும்வரை விறுவிறுவென்று நடக்கலாம். விளம்பரத்துக்கும் ஒரு பயன் கிடைத்ததாக இருக்கும்.

பதிவிறக்காமல் கிளம்பி, சிக்னல் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்கு ஒரு கணக்கு மட்டும்: விநாடிக்கு 128 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு 58 எம்.பி.கூட வராது. வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடலாம்.

கடைசித் தவறு, நடைக்கு வைத்திருக்கும் நிகழ்ச்சியைச் சமையலறையிலும் பயணத்திலும் கேட்டுத் தீர்த்துவிடுவது. 2014-இல் கேத்தரின் மில்க்மனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். விறுவிறுப்பான ஒலிநூல்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்க முடியும் என்று ஒரு குழுவைக் கட்டுப்படுத்தினார்கள். தொடக்கத்தில் அந்தக் குழுவினர் மற்றவர்களைவிட 51 சதவீதம் அதிகமாகக் கூடத்துக்கு வந்தார்கள். ஆனால் விடுமுறை ஒன்று குறுக்கிட்டதும் அந்த ஆர்வம் வடிந்துவிட்டது. ஆகவே மிகவும் பிடித்த ஒரு நிகழ்ச்சியை நடைக்கென்று மட்டும் ஒதுக்குங்கள். ஊருக்குப் போவதோ காய்ச்சலோ நடுவில் வந்து நடை நின்றுபோகும் நாட்களிலும் அதைத் தொடாமல் வைத்திருங்கள். மீண்டும் தொடங்கும் முதல் நாள் காலையில் செருப்பை மாட்ட மனம் வருவதற்கு, கேட்காத எபிசோடு ஒன்றாவது கையிருப்பில் வேண்டும்.