ஆண்டவரிடம் மேடைத் தமிழ் எதற்கு? தனி ஜெபத்தில் நாம் செய்யும் தவறுகள்

சபையில் ஜெபிக்கச் சொன்னால் பத்து நிமிடம் தடங்கலில்லாமல் ஜெபிக்கிறவர், வீட்டில் தனியாக முழங்கால் போட்டால் இரண்டாவது நிமிடத்திலேயே என்ன சொல்வதென்று தெரியாமல் முழிப்பார். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து ஆட்கள் பலர் இதைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்கள், நானும் அதில் ஒரு ஆள்தான். பக்தி குறைந்துவிட்டது என்று உடனே நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். எனக்கென்னவோ கோளாறு குரலில் இருப்பதாகத்தான் படுகிறது.

காலையில் கடையில் "அண்ணே, கோப்பி ஓ ஒண்ணு, சீனி கொறச்சு" என்று கேட்கிறவரேதான், கண்ணை மூடியதும் "இந்த வேளையிலே தகப்பனே, உம்முடைய சமுகத்திலே தகப்பனே" என்று வேறு ஆளாகிவிடுகிறார். பெற்ற தாயிடம் போய் "அம்மா, இந்த வேளையிலே அம்மா, எனக்குச் சோறு போடும் அம்மா" என்று கேட்டுப் பாருங்கள், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். பழைய வேதாகமத் தமிழ்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, சங்கீதத்தை அதில் படித்தால்தான் எனக்கு ருசி. ஆனால் அதை இரவல் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு பேசும்போது உள்ளே இருக்கிற விஷயம் வெளியே வருவதே இல்லை. மத்தேயு 6:7இல் இயேசு "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்கிறார், அடுத்த வசனத்திலேயே காரணமும் இருக்கிறது: நமக்கு என்ன தேவை என்று நாம் கேட்பதற்கு முன்பே பிதாவுக்குத் தெரியும்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து வீட்டில் விடியற்காலை நாலரை மணிக்குப் பின்வாசல் படியில் உட்கார்ந்து, கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே பேசுவார். "சின்னவனுக்குச் சளி இன்னும் விடல. கங்காணி நேத்து சொன்ன வார்த்தை மனசுல கெடக்குது. மழை பேஞ்சா இன்னைக்கு வெட்டு இல்ல, பாத்துக்குங்க." அப்புறம் கட்டைவிரலால் கத்தியின் கூரைத் தடவிப் பார்த்துவிட்டு "சரி, போய்ட்டு வரேன்" என்று எழுந்துவிடுவார். அது எங்களிடம் சொல்வது என்று ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன். நாங்கள்தான் தூங்கிக்கொண்டிருந்தோமே.

அறை இல்லாதது ஒரு சாக்கு. "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்ற வசனத்தைப் படித்துவிட்டு, ஏழு பேர் இருக்கிற வீட்டில் எந்த அறையைப் பூட்டுவது என்று கேட்பவர்கள் உண்டு. அறைவீடு என்பதற்கு மூலத்தில் இருக்கிற கிரேக்கச் சொல் சாமான்கள் வைக்கிற உள்ளறையையும் குறிக்கும். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றாலும் போதும், வேலை முடிந்து நிறுத்திய காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டாலும் சரிதான்.

அடுத்தது நேரக்கணக்கு. "ஒரு மணி நேரமாவது என்னோடு விழித்திருக்கக்கூடாதா" என்ற வசனத்தை வைத்து, தினம் ஒரு மணி நேரம் ஜெபித்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டுக்கொள்வது. மூன்று நாள் நடக்கும், நாலாவது நாள் நைட் ஷிப்ட் வரும், ஐந்தாவது நாள் குற்ற உணர்ச்சியில் வேதத்தையே திறக்கமாட்டோம். அது கெத்செமனேயில், பாடுகளுக்கு முந்தின ராத்திரியில், தூங்கிப்போன சீஷர்களிடம் இயேசு சொன்னது. மறு வசனத்திலேயே "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்று அவரே அவர்களுடைய நிலைமையையும் சொல்லிவிடுகிறார். அதிகாலை ஜெபமும் இப்படித்தான். மாற்கு 1:35இல் இயேசு "இருட்டோடே எழுந்து" போனார், உண்மைதான். நம் ஊரில் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் வருகிறது, ஆறரைக்கு எழுந்தாலும் இருட்டுதான், நாலு மணிக்கு எழ முடியவில்லையே என்று அழ வேண்டாம். தானியேல் ஒருநாளைக்கு மூன்று வேளை ஜெபித்தான். அத்தனை நிமிடம் என்று அங்கே எழுதியில்லை.

கண்ணீர் வராவிட்டால், உடம்பு சிலிர்க்காவிட்டால் ஆண்டவர் தூரமாகிவிட்டார் என்று முடிவு கட்டுவதும் பெரிய தவறு. சபையில் கீபோர்டும் ஸ்பீக்கரும் இருக்கின்றன, வீட்டில் மின்விசிறிச் சத்தம்தான், இரண்டும் ஒரே மாதிரி இருக்குமா? 1 இராஜாக்கள் 19இல், "நான் சாகவேண்டும்" என்று சூரைச்செடிக்குக் கீழே படுத்த எலியாவுக்கு முதலில் கிடைத்தது அடையும் தண்ணீரும், நடுவில் தூக்கமும். சாப்பிட்டான், படுத்தான், மறுபடி எழுந்து சாப்பிட்டான். ஆண்டவர் பேசிய "அமர்ந்த மெல்லிய சத்தம்" அதற்கு அப்புறம்தான். இரட்டை ஷிப்ட் முடித்து வந்து ஜெபத்தில் தூங்கி விழுகிறவருக்குப் பிசாசின் தடை என்று பெயர் வைக்காதீர்கள், படுக்கச் சொல்லுங்கள்.

காலையில் பத்து வாட்ஸ்அப் குழுவுக்கு வசனப் படம் அனுப்பிவிட்டு அதையே தியானக் கணக்கில் எழுதிக்கொள்கிறவர்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை.

புலம்பினால் அவிசுவாசம் என்ற பயமும் நம்மிடம் உண்டு. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது, 88ஆம் சங்கீதம் ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். அம்மா வீட்டு விஷயமாக அண்ணனோடு எட்டு மாதம் பேச்சில்லை. தினமும் அவருக்காக ஜெபித்தேன், "என் சகோதரனின் இருதயத்தை நீர் உணர்த்தியருளும்" என்று சுத்தமான தமிழில். ஒருநாள் மத்தேயு 5:23, 24 கண்ணில் பட்டது: காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்பாக அங்கேயே வைத்துவிட்டு, முன்பு போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு. மறுநாள் காலை அம்மா பேசுகிற மாதிரியே பேசிப் பார்த்தேன். "அண்ணன்மேல எனக்குப் பயங்கரக் கோபம். அவருக்கு என்மேல இருக்கிறதிலயும் நியாயம் இருக்கு." அந்த இரண்டாவது வரி வாயிலிருந்து வருமென்று எனக்கே தெரியாது. மேற்கொண்டு ஜெபிக்க ஒன்றும் ஓடவில்லை. மோட்டாரை எடுத்துக்கொண்டு அவர் இருக்கிற தாமானுக்கு, அந்தக் குடியிருப்புக்குப் போனேன். அண்ணிதான் கதவைத் திறந்தார், என்னைப் பார்த்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "பசியாறிட்டீங்களா?" என்றார். உள்ளே அண்ணன் சட்டையைத் தேடுகிற சத்தம் கேட்டது.