வெள்ளைப் பக்கத்தப் பாத்து கை நின்னுபோச்சா? முன்னுரைய விட்டுட்டு ஆரம்பிங்க

எழுதணும்னு உக்காந்துட்டு வெறும் பக்கத்தையே பாத்துட்டு இருக்கீங்கன்னா, பெரும்பாலும் விஷயம் இல்லாம இல்ல, முதல் வரியில இருந்துதான் ஆரம்பிக்கணும்னு நினைக்கிறதாலதான். ஸ்கூல்ல முன்னுரை, பொருளுரை, முடிவுரைன்னு அதே வரிசையில எழுதி மார்க் வாங்கிப் பழகிட்டோம், அதனால இப்பவும் பேனாவ எடுத்தா "மனித வாழ்வில் இன்றியமையாதது"ன்னு எதாவது ஒண்ணு வந்து நிக்குது, அதுக்கப்புறம் நகர மாட்டேங்குது. எப்படி நகரும், இன்னும் எழுதாத ஒண்ணுக்கு முன்னுரை எழுதப் பாக்குறோமே.

அதனால நடுவுல இருந்து ஆரம்பிங்க. எது கண்ணு முன்னாடி தெளிவா தெரியுதோ அங்க இருந்து.

ஊர்ல இருந்த வாடகை சைக்கிள் கடையப் பத்தி எழுதணும்னு வெச்சுக்கலாம். "அக்காலத்தில் மிதிவண்டி மக்களின் வாழ்வோடு பின்னிப் பிணைந்திருந்தது"ன்னு ஆரம்பிச்சா ரெண்டாவது வரி சத்தியமா கிடைக்காது. பஞ்சர் ஒட்டுறத மட்டும் எழுதுங்க. கடைக்கார அண்ணன் டயர நெம்பி ட்யூப உருவுவாரு, காத்தடிச்சு தண்ணிச் சட்டியில கொஞ்சம் கொஞ்சமா முக்கித் திருப்பிக்கிட்டே வருவாரு, குமிழ் குமிழா வர்ற இடத்த கண்டுபிடிச்சு, துடைச்சு, உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, சொல்யூஷன் தடவி, அது காயற வரைக்கும் நம்மகிட்ட ஊர்க்கதை பேசிட்டு இருப்பாரு. இத எழுதும்போதே அந்தக் கதையில ஒண்ணு ஞாபகம் வரும், வண்டி எடுத்த நேரத்த குறிச்சு வெக்கிற நோட்டு ஞாபகம் வரும், அப்புறம் கட்டுரை தானா முன்னாடியும் பின்னாடியும் வளரும்.

அதுவும் வரலன்னா பேசிடுங்க. நல்லா கத கேக்குற ஒரு ஆள மனசுல வெச்சுக்கிட்டு, வாட்ஸப்ல வாய்ஸ் நோட் போடுற மாதிரி சொல்லிப் பாருங்க. போன் கீபோர்டுல இருக்குற மைக்க தொட்டா தமிழ்ல பேசுறதும் டைப் ஆகிடும், ஒற்றும் ளகர ழகரமும் அங்கங்க தப்பா வரும், அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். எழுத உக்காந்தா வராத வார்த்த, ஒருத்தர்கிட்ட சொல்லும்போது வந்துடும்.

இன்னொரு வழி, டைமர்ல 10 நிமிஷம் வெச்சுட்டு கைய நிறுத்தாம எழுதுறது, திரும்பிப் படிக்கக் கூடாது, எழுதினத அடிச்சுத் திருத்தக் கூடாது. அமெரிக்காவுல எழுத்துப் பயிற்சி சொல்லிக் கொடுத்த பீட்டர் எல்போ 1973லயே இத முறையா எழுதி வெச்சிருக்காரு. எதுவும் தோணலன்னா "எழுத ஒண்ணும் இல்ல"ன்னே திரும்பத் திரும்ப எழுதணும், ஆனா கை நிக்கக் கூடாது. பேப்பர்ல செஞ்சா இன்னும் நல்லது, ஏன்னா ஸ்க்ரீன்ல பேக்ஸ்பேஸ் பக்கம் விரல் தானா போயிடும். எழுதினதுல முக்காவாசி தூக்கிப் போடுற மாதிரிதான் இருக்கும், பரவால்ல, உருப்படியா ரெண்டு வரி தேறினா அதுல இருந்து பிடிச்சுக்கலாம்.

முன்னுரைய கடைசியா எழுதுங்க. முழுசா முடிச்சுட்டுப் பாத்தா, பாதி நேரம் அது தேவையே படாது, பஞ்சர் பத்தின பத்தியே நல்ல ஆரம்பமா இருக்கும்.

ஒரே நாள்ல முடிக்க முடியலன்னா, தீந்துபோற வரைக்கும் எழுதிட்டு எந்திரிக்காதீங்க. அடுத்து என்னன்னு தெரிஞ்சு இருக்கும்போதே நிறுத்திடணும்னு அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே 1935ல சொன்னாரு, நாவல் எழுதுறவங்களுக்குச் சொன்னதுதான், ஆனா ரெண்டு பக்கக் கட்டுரைக்கும் அப்படியே பொருந்தும். வாக்கியத்த பாதியில விட்டுட்டு, கீழ "அடுத்து நோட்டு விஷயம்"னு ஒரு வரி போட்டுட்டு எந்திரிங்க, மறுநாள் எங்க தொடங்குறதுன்னு யோசிக்கவே வேண்டியிருக்காது.