கிட்டில் கோடு விழுந்த பிறகு நடக்கும் தவறுகள்

சங்ககிரியில் லாரி ஓட்டும் தம்பி ஒருவர் என் முன்னால் உட்கார்ந்து செல்போனை நீட்டினார். வீட்டிலேயே பார்க்கக் கூரியரில் வரவழைத்த, சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான பரிசோதனைக் கிட்டின் படம். இரண்டு கோடு, அதாவது பாசிட்டிவ். "அக்கா, ஊசி போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. மறுபடியும் வந்துடுச்சா?" ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

சேலத்தில் பால்வினை நோய், எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் ஆலோசகராக இருக்கும் எனக்கு இது அடிக்கடி வரும் கேள்வி. இந்த வகைக் கிட் தேடுவது கிருமிக்கு எதிராக உடலில் உருவான எதிர்ப்பொருளை. நோய் குணமான பிறகும் பலருக்கு அது ஆயுள் முழுக்க ரத்தத்தில் இருக்கும். நோய் இப்போது இருக்கிறதா என்று அறிய ஆர்.பி.ஆர். அல்லது வி.டி.ஆர்.எல். என்ற ரத்தப் பரிசோதனையில் அளவு பார்த்து, பழைய அளவோடு ஒப்பிட வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறு, பாதுகாப்பில்லாத உறவு நடந்த நாலாம் நாளே எச்.ஐ.வி. கிட்டில் பார்த்துவிட்டு, நெகட்டிவ் என்று நிம்மதியாகிவிடுவது. எதிர்ப்பொருள் தெரிய 3 மாதம் வரை ஆகலாம். உறவு நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால் கிட்டை விட்டுவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க 28 நாள் சாப்பிடும் மாத்திரை இருக்கிறது. எச்.ஐ.வி. கிட்டில் இரண்டு கோடு விழுந்தாலும் அதுவே முடிவில்லை, மையத்தில் உறுதிசெய்ய வேண்டும்.

பிறப்புறுப்பில் சீழ் வடிந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்குவது இன்னொரு தவறு. ஏற்காட்டு காபி எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி மையத்துக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் மாத்திரை உள்ளே போன பிறகு மாதிரி எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். சீழ் வடியவைக்கும் கொனோரியா என்ற பால்வினை நோய்க் கிருமி எந்த மருந்துக்கு அடங்காமல் போகிறது என்பது அப்படி வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

யாரும் சொல்லாத தவறு ஒன்று உண்டு: வீட்டில் பார்த்ததை மையத்தில் மறைப்பது. நெகட்டிவ் வந்தவர்கள் கிட்டைக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கிறார்கள். பாசிட்டிவ் வந்தவர்கள் மட்டும் எங்களிடம் வந்தால், வந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு நோய் என்ற கணக்கு திடீரென ஏறும். பயந்து அவர்களும் வராவிட்டால், மாவட்டத்தில் நோயே குறைந்ததுபோல் காட்டும். கிட்டும் ஊசியும் எங்கே எவ்வளவு தேவை என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் திட்டமிடுகிறார்கள். "வீட்டில் ஏற்கெனவே பார்த்தேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும். எச்.ஐ.வி. நிலையை உங்கள் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

எச்.ஐ.வி.க்கான அரசு நம்பிக்கை மையத்திலும், பால்வினை நோய்க்கான சுகவாழ்வு மையத்திலும் பரிசோதனை இலவசம். நேரில் வரத் தயக்கமென்றால் முதலில் எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097-க்குப் பேசுங்கள்.

அந்தத் தம்பிக்கு அளவு ஏறவில்லை. அவர் மனைவிக்கு ஐந்தாம் மாதம். அடுத்த செவ்வாய்க்கிழமை செக்கப்புக்குப் போனபோது, சிபிலிஸ் பரிசோதனை செய்தார்களா என்று அவரே நர்ஸம்மாவிடம் கேட்டாராம்.