அக்டோபர் 1 தாண்டியதும் அமெரிக்க லேப் கிளெய்ம்கள் (காப்பீட்டுப் பணம் கோரும் பில்கள்) ஏன் திரும்பி வருகின்றன?

அமெரிக்காவின் ஐசிடி-10-சிஎம் நோய்க் குறியீடுகள் ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்று மாறுகின்றன. 2022 முதல் ஏப்ரல் 1 அன்றும் ஒரு திருத்தம் வருகிறது. பழைய குறியீட்டை ஏற்கும் சலுகைக் காலம் கிடையாது. சென்னையிலோ கோவையிலோ இரவு ஷிப்டில் அமெரிக்க லேப்களுக்குப் பில்லிங் பார்ப்பவர்கள் முதலில் சறுக்குவது தேதியில்தான்.

பில் போடும் நாளையும் சோதனை ஓடிய நாளையும் பார்க்காதீர்கள். பொதுவாக மாதிரி எடுத்த நாளே சேவைத் தேதி. செப்டம்பர் 30 அன்று எடுத்த ரத்தத்துக்கு அக்டோபர் 10 அன்று கிளெய்ம் அனுப்பினாலும் பழைய குறியீடுதான். ஜூனில் டாக்டர் எழுதிய ஸ்டாண்டிங் ஆர்டரில் (ஒரே சோதனையைப் பலமுறை செய்யச் சொல்லும் சீட்டு) அக்டோபர் 3 அன்று ரத்தம் எடுத்தால் புதிய குறியீடு வேண்டும். ஆகவே செப்டம்பரிலேயே ஸ்டாண்டிங் ஆர்டர்களை எல்லாம் எடுத்து, நீக்கப்படும் குறியீடுகளைத் தேடிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, புதிய குறியீட்டை லேபே ஊகித்துப் போடுவது. 2020 அக்டோபரில் மூன்றாம் நிலை சிறுநீரக நோய்க்கான என்18.3 செல்லாததாகி, என்18.30 (உட்பிரிவு குறிப்பிடாதது), என்18.31 (3ஏ), என்18.32 (3பி) என்று பிரிந்தது. நோயாளியின் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் அளவு) 40 என்று லேபின் கையிலேயே ரிப்போர்ட் இருக்கும். 3பி என்று என்18.32 போடக் கை துறுதுறுக்கும். போடக் கூடாது. நோயைச் சொல்ல வேண்டியவர் சோதனை எழுதிய டாக்டர். அவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி, ரிக்விசிஷனோடு (டாக்டரின் சோதனைக் கோரிக்கைப் படிவம்) சேர்த்து வையுங்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று என்18.30 போடுவதும் ஊகம்தான். அதேபோல, டாக்டர் ‘சந்தேகம்’ என்று எழுதிய நோயை உறுதியான நோயாகக் குறிக்காதீர்கள். அறிகுறிக்குரிய குறியீட்டையே போடுங்கள்.

குறியீடு செல்லுபடியானால் மட்டும் மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) பணம் தந்துவிடாது. தைராய்டு சோதனைக்கு 190.22, லிப்பிடுக்கு (ரத்தக் கொழுப்பு) 190.23 என்று, எந்த நோய்க்குப் பணம் கிடைக்கும் என்று சொல்லும் தேசியக் கவரேஜ் விதிகள் தனித்தனியாக இருக்கின்றன. அவற்றின் குறியீட்டுப் பட்டியல்கள் காலாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றன. மென்பொருளில் ஐசிடி அட்டவணையை மாற்றிவிட்டு இந்தப் பட்டியலை மறந்தால், கிளெய்ம் உள்ளே போய் மருத்துவத் தேவை இல்லை என்று மறுக்கப்படும்.

பட்டியலில் இல்லாத குறியீடு என்றால், ரத்தம் எடுக்கும் முன்பே நோயாளியிடம் ஏபிஎன் படிவத்தில் (மெடிகேர் பணம் தராமல் போகலாம் என்ற முன்னறிவிப்பு) கையெழுத்து வாங்கி, அதைத் தெரிவிக்கும் ஜிஏ மாடிஃபயர் என்ற துணைக் குறியீட்டைக் கிளெய்மில் சேர்க்க வேண்டும். எடுத்த பிறகு வாங்கிய கையெழுத்து செல்லாது. அப்போது மறுக்கப்பட்ட தொகையை நோயாளியிடம் கேட்கவும் முடியாது.