மைக்ரோ டீச்சிங்: 6 நிமிடத்தில் ஒரு திறனைப் பிடிப்பது எப்படி?

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துவிடலாம். மைக்ரோ டீச்சிங், அதாவது நுண்ணிலைக் கற்பித்தல் என்றாலே 45 நிமிடப் பாடத்தை 6 நிமிடத்தில் மூச்சு வாங்க ஓட்டி முடிப்பது என்று பல பயிற்சி ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் வேகமாகப் பேசத்தான் பழகுவீர்கள். இதில் நேரம், மாணவர் எண்ணிக்கை, பாடப்பொருள் எல்லாமே சுருங்குகின்றன, ஆனால் அவை சுருங்குவதே ஒரே ஒரு கற்பித்தல் திறனைத் தனியாக எடுத்துக் கவனிக்க இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ட்வைட் ஆலனும் அவரோடு இருந்தவர்களும் இதை உருவாக்கினார்கள். புதிதாக வருகிற ஆசிரியர் ஒரு முழு வகுப்பின் முன்னால் நிற்கும்போது கேள்வி கேட்பது, பலகையில் எழுதுவது, பின் வரிசையில் யார் பேசுகிறார்கள் என்று பார்ப்பது எல்லாம் ஒன்றாக வந்து மோதும், எதில் தவறினோம் என்று யோசிக்கக்கூட நேரம் இருக்காது. அந்தச் சிக்கலைப் பிரித்துப் போடுவதுதான் யோசனை. பாடத்தை வீடியோ எடுத்துப் போட்டுப் பார்க்கும் பழக்கமும் அங்கேயே சேர்ந்துகொண்டது. இன்றைக்கு அதற்கு ஒரு கைபேசி போதும்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? திறனைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து. பாடம் தொடங்கும் திறன், விளக்கும் திறன், எடுத்துக்காட்டு தரும் திறன், கிளர்வினாத் திறன் (வந்த பதிலிலிருந்தே மேலும் கேட்டு யோசிக்கவைப்பது), வலுவூட்டல் திறன் (பாராட்டி ஊக்குவிப்பது), பல்வகைத் தூண்டல் திறன் (குரல், அசைவு, செயல் என்று மாற்றி மாற்றிக் கவனத்தைப் பிடித்துவைப்பது), கரும்பலகையைப் பயன்படுத்தும் திறன், முடிக்கும் திறன் என்று பட்டியல் நீளும். ஒன்றை மட்டும் எடுங்கள். "கூடவே கரும்பலகையையும் பார்த்துக்கொள்ளலாமே" என்று தோன்றும், வேண்டாம்.

கிளர்வினாவை எடுத்துக்கொள்வோம், எனக்குத் தெரிந்து ஒரு ஆசிரியரை உண்மையில் மாற்றுவது இந்தத் திறன்தான். "மதியத்தில் நிழல் ஏன் குட்டையாக இருக்கிறது?" என்று கேட்கிறீர்கள். ஒரு மாணவி, "சூரியன் மேலே இருக்கு" என்கிறாள். பெரும்பாலோர் "சரியாகச் சொன்னாய்" என்று அடுத்ததற்குப் போய்விடுவார்கள். நீங்கள் நில்லுங்கள். "மேலே இருந்தால் நிழல் ஏன் குறையணும்?" என்று கேட்டால் அது கூடுதல் விவரம் கேட்பது. அவள் தயங்கினால், "காலையில் சூரியன் எந்தப் பக்கம் இருந்தது, நிழல் எந்தப் பக்கம் விழுந்தது?" என்று குறிப்பு கொடுத்துத் தூண்டலாம். அதே கேள்வியை இன்னொருவரிடம் திருப்பிவிடலாம். தெருவிளக்கின் அடியில் நடக்கும்போது நிழல் எப்படி மாறும் என்று கேட்டு, சொன்ன பதிலைத் தெரிந்த வேறொன்றோடு பொருத்திப் பார்க்கவைக்கலாம். "இது சரி என்று எப்படிச் சொல்கிறாய்?" என்று காரணத்தையும் கேட்கலாம். இந்த ஐந்தும்தான் கிளர்வினாவின் கூறுகள். பாடக்குறிப்பில் பாடத்தை எழுதுவதோடு நிறுத்தாமல், எந்தப் பதில் வந்தால் எந்தக் கூறு என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

நேரக் கணக்கு இப்படி: கற்பிக்க 6 நிமிடம், பின்னூட்டத்துக்கு 6, மறுதிட்டமிட 12, மீண்டும் கற்பிக்க 6, மீண்டும் பின்னூட்டத்துக்கு 6. மொத்தம் 36 நிமிடம். இந்திய மாதிரி என்று சொல்லப்படுவது இதுதான். 5 முதல் 10 மாணவர்கள் போதும். உண்மையான மாணவர்கள் கிடைக்காதபோது சக பயிற்சி ஆசிரியர்களே மாணவர்களாக உட்காரலாம். அப்படி உட்காருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எல்லாக் கேள்விக்கும் சரியான பதிலைச் சொல்லி நண்பருக்கு உதவுவதாக நினைக்காதீர்கள். அந்த வயதுப் பிள்ளை எங்கே குழம்புமோ அங்கே குழம்பிக் காட்டுங்கள், அப்போதுதான் அவருக்குக் கேட்க ஒரு கேள்வி கிடைக்கும்.

பாடத்தைக் கவனித்துக் குறித்துக்கொள்ளும் பார்வையாளர் வேலை கற்பிப்பவர் வேலையைவிடக் கடினம் என்பேன். கூறுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிவைத்து, ஒவ்வொன்று நடக்கும்போதும் எதிரே ஒரு கோடு போட வேண்டும். முடிந்தால் கேள்வி கேட்டதற்கும் ஆசிரியர் மறுபடி வாய் திறந்ததற்கும் இடையே எத்தனை நொடி என்றும் குறியுங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடி அளவுதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, தானாகப் பதில் சொல்ல வந்தவர்களும் கூடினார்கள். 3 நொடி மௌனம் முன்னால் நிற்கிறவருக்கு மிக நீளமாகத் தெரியும், பழக வேண்டிய விஷயம் அது.

பின்னூட்டத்தில்தான் பல இடங்களில் எல்லாம் கெட்டுப்போகிறது. "நல்லா இருந்தது, குரலைக் கொஞ்சம் உயர்த்துங்க" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எடுத்த திறன் கிளர்வினா, குரலைப் பற்றி அன்றைக்குப் பேசவே கூடாது. முதலில் கற்பித்தவரையே பேசவிடுங்கள், அப்புறம் தாளை அவர் முன்னால் வைத்து, "நாலு பதில் வந்தது, மூணுக்கு நீங்க 'சரி' சொல்லிட்டு நகர்ந்துட்டீங்க, அந்த ரெண்டாவது பதில்ல வேற என்ன கேட்டிருக்கலாம்?" என்று கேளுங்கள். ஆளைப் பற்றிய தீர்ப்பு வேண்டாம். மதிப்பெண்ணும் வேண்டாம், மதிப்பெண் நுழைந்த உடனே தெரிந்ததை மட்டும் செய்து காட்டத் தொடங்கிவிடுவார்கள்.

மறுதிட்டத்துக்கு 12 நிமிடம் இருப்பதைக் கவனியுங்கள், கற்பிப்பதைப் போல இரண்டு மடங்கு. அதில் முழுக் குறிப்பையும் திருத்த வேண்டாம், தவறவிட்ட இரண்டு இடங்களில் கேட்கப்போகும் கேள்வியை வார்த்தை வார்த்தையாக எழுதினால் போதும். பிறகு வேறொரு குழுவுக்கு அதே பாடத்தை மறுபடி நடத்துங்கள். நேரமில்லை என்று வெட்டப்படுவது பெரும்பாலும் இந்த மறுகற்பித்தல்தான், அதை வெட்டினால் குறையைத் தெரிந்துகொண்டதோடு நின்றுவிடும், சரிசெய்து பார்த்த அனுபவம் வராது. ஆட்கள் அதிகம், நேரம் குறைவு என்றால் திறன்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், சுழற்சியைக் குறைக்காதீர்கள்.

தனித்தனியாக மூன்று நான்கு திறன்கள் கைவந்த பிறகு, அவற்றைச் சேர்த்து 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஓர் இணைப்புப் பாடம் நடத்துங்கள். அப்போதும் பார்வையாளர் கையில் பழைய தாள்கள் இருக்கட்டும், சேர்த்துச் செய்யும்போது எந்தத் திறன் முதலில் நழுவுகிறது என்பது அந்தக் கோடுகளில் தெரிந்துவிடும், அடுத்த சுழற்சியை அதிலிருந்து தொடங்கலாம்.