சிறுவர் கூடைப்பந்து லீக்: முதல் விசிலுக்கு முன்பே எழுதி வைக்க வேண்டியவை

நாலு பேர் சேர்ந்து குழந்தைகளுக்கு ஒரு கூடைப்பந்து லீக் நடத்தலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். கோர்ட் கிடைத்துவிட்டது, ஆறு அணிகள் பெயர் கொடுத்துவிட்டன, ஜெர்சிகூடத் தைக்கக் கொடுத்தாயிற்று. விதிமுறை மட்டும் "அதான் எல்லாருக்கும் தெரியுமே" என்று நின்றுவிடும். இரண்டாவது வாரமே சண்டை தொடங்கிவிடும்.

ஸ்கோர் மேசையிலும் விசிலோடும் பல சீசன்களைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சிறுவர் லீக்கில் வரும் சண்டைகளைத் தோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் அடியில் கிடப்பது யாரும் முன்கூட்டியே எழுதி வைக்காத ஒரு விஷயமாகத்தான் இருக்கும். எந்த வயது வரை சேரலாம், யார் எவ்வளவு நேரம் ஆடலாம், 30 புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி என்ன செய்ய வேண்டும், இப்படி.

இந்த ஆட்டம் பிறந்ததே எழுதி வைத்த விதிகளோடுதான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், அடங்காத ஒரு வகுப்பைச் சமாளிக்க ஜேம்ஸ் நைஸ்மித் 13 விதிகளை எழுதி, தட்டச்சு செய்யவைத்து, அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார். அதற்கப்புறம்தான் பந்தையே தூக்கிப் போட்டார்கள். தோளால் இடிக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது, தடுக்கி விழ வைக்கக் கூடாது என்பதெல்லாம் அந்தப் பட்டியலிலேயே இருந்தது. மொத்தம் இரண்டே பக்கம். நீங்களும் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம், அதற்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள்.

படி 1: வயதை எந்தத் தேதியில் கணக்கிடுகிறீர்கள்?

"12 வயதுக்கு உட்பட்டவர்கள்" என்று எழுதினால் பாதி விதிதான் எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தேதியன்று 12 நிரம்பாமல் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழ் நகலை முதல் ஆட்டத்துக்கு முன்பே வாங்கி, ஒருவர் சரிபார்த்து, தகுதியுள்ளவர்களின் பெயர்ப் பட்டியலை எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் கொடுத்துவிடுங்கள்.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு சீசனில் இதைச் செய்யாமல் விட்டுவிட்டோம். மூன்றாவது வாரம் ஒரு பயிற்சியாளர் எதிரணியில் நெடுநெடுவென்று வளர்ந்திருந்த ஒரு பையனைக் காட்டி, எல்லார் முன்னாலும், "இவனுக்கு எப்படிங்க பதினொன்று?" என்று கேட்டார். அடுத்த நாள் சான்றிதழ் வந்தது. அவனுக்குப் பதினொன்றுதான். அந்தப் பத்து நிமிடம் அவன் தலையைக் குனிந்தபடி நின்றதை நாங்கள் தவிர்த்திருக்கலாம். அந்த வயதில் ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்குள்ளேயே ஒரு தலை உயரம் வித்தியாசம் இருப்பது சாதாரணம். சந்தேகம் வரும் என்று தெரிந்தும் முன்கூட்டியே பார்க்காமல் விட்டது எங்கள் தவறு.

படி 2: பந்தையும் வளையத்தையும் குழந்தைக்கு ஏற்றபடி வையுங்கள்

பெரியவர்களின் வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர். சிறுவர்களுக்கான மினி கூடைப்பந்தில் அது 2.60 மீட்டர். பந்து ஆண்களுக்கு 7-ஆம் அளவு, பெண்களுக்கு 6, மினிக்கு 5. இறக்க முடியாத வளையமாக இருந்தால் பந்தையாவது 5-ஆம் அளவில் வாங்குங்கள். எட்டு வயதுக் குழந்தை கையில் பெரிய பந்தைக் கொடுத்தால் இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் தூக்கித்தான் எறியும். அந்தப் பழக்கத்தை மாற்ற அப்புறம் வருடக் கணக்காகும். ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குப் பிறகு யாரும் தடுக்காமல் போடும் ஷாட்) கோட்டையும் கொஞ்சம் முன்னால் கொண்டுவாருங்கள். இந்த வயதில் மூன்று புள்ளி ஷாட் வேண்டாம், எங்கிருந்து போட்டாலும் இரண்டு என்று வையுங்கள். தூரத்திலிருந்து எறிந்து பார்க்கும் ஆசை குறையும், பாஸ் கூடும்.

படி 3: எல்லாரும் ஆட வேண்டும், அதைக் கணக்காக எழுதுங்கள்

என்னைக் கேட்டால் ஒரு சிறுவர் லீக்கின் உயிர் இந்த விதியில்தான் இருக்கிறது. "முடிந்தவரை எல்லாருக்கும் வாய்ப்பு கொடுங்கள்" என்று எழுதுவது விதி ஆகாது. ஆட்டம் இறுகும்போது நல்ல மனசுள்ள பயிற்சியாளர்கூட மறந்துவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எண்ணைப் போட்டுவிடுங்கள்.

10 நிமிடம் வீதம் 4 குவார்ட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 5 இடம், ஆக மொத்தம் 20 இடம். அணியில் 10 பேர் என்றால் ஆளுக்கு 2 குவார்ட்டர், கணக்கு நேர். 8 பேர் என்றால் நாலு பேர் 3, மற்ற நாலு பேர் 2. 9 பேர் என்றால் இரண்டு பேருக்கு மட்டும் 3, மற்றவர்களுக்கு 2.

12 பேர் இருந்தால்தான் இடிக்கும். குவார்ட்டர் கணக்கில் போனால் எட்டு பேருக்கு 2, மீதி நாலு பேருக்கு ஒன்றுதான் வரும். அதனால் ஒவ்வொரு குவார்ட்டரையும் ஐந்து நிமிடத்தில் ஒரு முறை நிறுத்தி ஆள் மாற்றச் சொல்லுங்கள். இப்போது 40 இடம். எட்டு பேர் 3 இடம் ஆடுவார்கள், அதாவது 15 நிமிடம். நாலு பேர் 4 இடம், 20 நிமிடம். அந்தக் கூடுதல் ஐந்து நிமிடத்தை அடுத்த ஆட்டத்தில் வேறு நாலு பேருக்குக் கொடுத்தால், மூன்று ஆட்டம் முடியும்போது பன்னிரண்டு பேரும் சமமாக ஆடியிருப்பார்கள்.

கூடவே இன்னொரு வரி: காயமோ ஐந்து ஃபவுலோ தவிர, இந்த மாற்றத்துக்கு நடுவில் ஆளை மாற்றக் கூடாது. இல்லையென்றால் பலவீனமான பையனை முதல் நிமிடம் இறக்கி இரண்டாம் நிமிடம் உட்கார வைத்து, "அவன் ஆடிட்டானே" என்று சொல்வது நடக்கும். நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஆட்டம் முழுக்க பெஞ்சில் இருந்துவிட்டு, கசங்காத ஜெர்சியோடு அம்மாவிடம் போகும் குழந்தைக்கு அணி ஜெயித்ததா தோற்றதா என்பது பெரிய விஷயமே இல்லை.

வயது கூடக் கூட இந்த விதியைத் தளர்த்தலாம். 14 வயதுக்கு மேல் கடைசி குவார்ட்டரைப் பயிற்சியாளர் விருப்பத்துக்கு விடுவது சரி.

படி 4: பிரஸ், ஸோன், ஒருதலையான ஆட்டம்

சிறிய வயதுப் பிரிவில் டிஃபென்ஸ் மேன்-டு-மேன் (ஆளுக்கொரு எதிராளியைப் பின்தொடர்ந்து தடுப்பது) மட்டும்தான் என்று எழுதுங்கள். ஸோனில், அதாவது ஆளை விட்டு இடத்தைக் காக்கும் முறையில், ஐந்து குழந்தைகளும் வளையத்தடியில் கையைத் தூக்கி நின்றுகொண்டால் எதிரணிக் குழந்தைகளால் அவ்வளவு தூரத்திலிருந்து போட முடியாது. ஜெயிப்பார்கள், ஆனால் தன் ஆளைப் பின்தொடரக் கற்றுக்கொள்ள மாட்டார்கள். கோர்ட் முழுக்க நெருக்கும் பிரஸ்ஸும் அப்படித்தான். இப்போதுதான் டிரிப்பிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வது) பழகும் பிள்ளை பாதிக்கோட்டையே தாண்ட முடியாமல் அழும். 12 வயது வரை பிரஸ் வேண்டாம், அல்லது கடைசி இரண்டு நிமிடம் மட்டும்.

வித்தியாசம் 20 புள்ளியைத் தாண்டினால் முன்னிலையில் உள்ள அணி பாதிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் தடுக்கக் கூடாது, கடிகாரம் நிற்காமல் ஓடும் என்று வையுங்கள். பலகையில் காட்டும் ஸ்கோரை அதற்கு மேல் ஏற்றாமல் விடலாம். ஆனால் முன்னிலையில் இருக்கும் குழந்தைகளிடம் "இனிமேல் போடாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். எதிரே நிற்பவர்களுக்கு அதைவிட அவமானம் வேறில்லை. ஐந்து பாஸ் செய்த பிறகே ஷாட், இடது கையால் லே-அப் (வளையத்தருகே ஓடிவந்து போடும் ஷாட்) என்று அவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள்.

படி 5: ஸ்கோர் மேசை

ஒருவர் ஸ்கோர் ஷீட், ஒருவர் கடிகாரம். இரண்டு அணியிலிருந்தும் ஆளுக்கொருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பாதி சந்தேகம் எழவே எழாது. ஒவ்வொரு குவார்ட்டர் முடிவிலும் ஸ்கோரை இரண்டு பயிற்சியாளர்களிடமும் காட்டித் தலையாட்ட வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள்.

மேசையில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியது: ஒருவருக்கு ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே. அணிக்கு ஒரு குவார்ட்டரில் நாலு ஃபவுல் ஆகிவிட்டால், டிஃபென்ஸில் செய்யும் அடுத்த ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பந்தைப் பிடித்து இழுத்தால் மேசையில் இருக்கும் அம்புக்குறி காட்டும் அணிக்குப் பந்து, அவர்கள் பந்தை உள்ளே வீசி முடித்ததும் அம்பைத் திருப்பி வைக்க வேண்டும். குழந்தை தெரியாமல் தன் கூடையிலேயே போட்டுவிட்டால் எதிரணிக்கு இரண்டு புள்ளி, பாதி நேரத்தில் பக்கம் மாறியதும் இது கட்டாயம் ஒரு முறையாவது நடக்கும். ஓடிப்போய் அந்தப் பிள்ளையின் தோளைத் தட்டிக்கொடுங்கள்.

படி 6: விசிலை எப்போது ஊதுவது

விதிமீறல் என்றால் விரித்த கை, ஃபவுல் என்றால் மூடிய முட்டி. இந்த இரண்டு சைகையாவது முதல் நாளே பழகியிருக்க வேண்டும்.

டிராவலிங்கில்தான் (பந்தைத் தட்டாமல் கையில் வைத்தபடி நடப்பது) கத்தல் அதிகம். பந்தோடு நிற்பவர் ஒரு காலை ஊன்றி வைத்து மற்றக் காலை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாம், ஊன்றிய கால் நகரக் கூடாது. பந்தோடு விழுந்து தரையில் வழுக்கிப் போவது சர்வதேச விதிப்படி தவறே இல்லை. அங்கிருந்து உருண்டாலோ பந்தோடு எழ முயன்றாலோதான் டிராவலிங். ஷாட் எதையும் தொடாமல் கீழே வந்து, போட்டவரே பிடித்தாலும் குற்றமில்லை, அது உண்மையான ஷாட்டாக இருக்கும் வரை. பார்வையாளர்கள் கத்துவார்கள், கத்தட்டும்.

ஃபவுலில் ஒன்றை மனதில் வையுங்கள்: நடத்தைக்காகத் தரும் டெக்னிக்கல் ஃபவுலை விட்டால், உடல் மோதாமல் ஃபவுல் இல்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டி ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்து) எடுப்பது குற்றமில்லை, முதுகில் ஏறினால்தான் குற்றம். கையை நேராக மேலே தூக்கி, தன் இடத்திலேயே குதிப்பவர் மேல் ஷாட் போடுபவர் வந்து மோதினால், தடுத்தவர் மேல் தப்பில்லை. குட்டையான பையன் உயரமானவன் மேல் மோதி விழுந்தால் பரிதாபத்தில் விசில் வாய்க்குப் போகும். உயரமாகப் பிறந்ததற்கு அவனுக்குத் தண்டனை கொடுக்காதீர்கள்.

மிகச் சிறியவர்களிடம் மூன்று வினாடி விதியை (தன் அணியிடம் பந்து இருக்கும்போது எதிரணி வளையத்தடியில் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது) ஊதுவதற்கு முன் "வெளியே வா கண்ணு" என்று ஒரு முறை சொல்லலாம். ஆனால் இரண்டு அணிக்கும் அதே தயவு. முதல் குவார்ட்டரில் ஊதாததைக் கடைசிக் குவார்ட்டரில் ஊதக் கூடாது. தளர்த்தக் கூடாத ஒன்றும் உண்டு: தனியாகக் கூடையை நோக்கி ஓடுபவரைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பது. இரண்டு ஃப்ரீ த்ரோ, அப்புறம் பந்தும் அவர்களுக்கே. பிள்ளையைக் கூப்பிட்டு ஏன் என்றும் சொல்லுங்கள், ஓடும் வேகத்தில் விழுந்தால் கை முறியும்.

படி 7: பெரியவர்களுக்கும் விதி

நடுவரிடம் பேசும் உரிமை பயிற்சியாளருக்கும் கேப்டனுக்கும் மட்டும், அதுவும் ஆட்டம் நின்றிருக்கும்போது. பெற்றோர் கைதட்டலாம், நடுவரையோ எதிரணிக் குழந்தையையோ பெயர் சொல்லிக் கத்தக் கூடாது. மீறினால் ஆட்டத்தை நிறுத்தி, அந்த அணியின் பயிற்சியாளரையே போய்ப் பேசச் சொல்லுங்கள். நடுவர் நேராகப் போனால் வாக்குவாதம் முற்றும், தங்கள் பயிற்சியாளர் சொன்னால் அடங்குவார்கள். மறுபடியும் நடந்தால் அவர் வெளியே போகும் வரை ஆட்டம் தொடராது. உங்கள் லீக்கில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள்தான் விசில் பிடிக்கிறார்கள் என்றால் இந்த விதியை இரண்டு மடங்கு கண்டிப்பாக வையுங்கள். ஒரு வாரம் திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த வாரம் வராது.

படி 8: ஆள் வராத அணி, வந்த புகார்

சர்வதேச விதியில் குறித்த நேரம் தாண்டி 15 நிமிடத்துக்குள் ஐந்து பேர் தயாராக இல்லாவிட்டால் ஆட்டம் எதிரணிக்கு, 20-0. புள்ளிப் பட்டியலுக்கு அதை எழுதிக்கொள்ளுங்கள். வந்த குழந்தைகளை மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள். இரண்டு அணியையும் கலந்து ஒரு ஆட்டம் ஆட விடுங்கள், காலையில் எழுந்து ஷூ மாட்டிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள்.

புகாரை எழுத்தில், ஆட்டம் நடந்த அன்றைக்கே, பயிற்சியாளர் மூலமாக மட்டும் வாங்குங்கள். நடுவரின் கணிப்பைப் பற்றிய புகாரை எடுக்க வேண்டாம். விதியைத் தவறாகப் பயன்படுத்தியது, ஸ்கோர் பிழை, தகுதியில்லாத ஆட்டக்காரர், ஆடவிடாத குழந்தை, இந்த நாலுக்கு மட்டும் விசாரணை. மூன்று பேர் பார்க்கட்டும், சம்பந்தப்பட்ட அணியில் பிள்ளை உள்ளவர் அதில் இருக்க வேண்டாம். முடிவை இரண்டு தரப்புக்கும் ஒரே செய்தியாக அனுப்புங்கள்.

எவ்வளவு யோசித்து எழுதினாலும் தாளில் இல்லாத ஒன்று வரும். அன்றைக்கு நடுவர் சொன்னதோடு முடித்துக்கொண்டு, கேள்வியைத் தாளின் பின்பக்கம் குறித்து வையுங்கள். சீசன் நடுவில் விதியை மாற்றாதீர்கள். கடைசி ஆட்டம் முடிந்த வாரமே எல்லாப் பயிற்சியாளர்களும் உட்கார்ந்து அந்தப் பின்பக்கத்தைப் படித்தால், அடுத்த சீசனுக்கான தாள் அங்கேயே எழுதி முடிந்துவிடும்.